விலா இடுக்கில் ஒரு பைபாஸ்

பத்து என்றால் நமக்கு எண், மலாயில் கல். பாகாட் என்றால் உளி. உளி பட்ட கல்லின் பெயரைத் தாங்கி நிற்கும் பத்து பாகாட்டில், காலையில் பசியாற உட்காரும் கோப்பிக்கடை மேசைகளில் நெஞ்சைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. “மூணு அடைப்பு. நெஞ்சப் பொளந்துதான் செஞ்சாங்க” என்று ஒருவர் மேல் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார். “இப்பெல்லாம் பொளக்க வேணாமாம் அண்ணே, சின்ன ஓட்டை போட்டே செஞ்சிடுறாங்களாம்” என்பார் எதிரே இருப்பவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் எந்த நெஞ்சுக்கு எது பொருந்தும், சின்ன ஓட்டையில் செய்துகொண்டவர் பிறகு எப்படி இருக்கிறார் என்ற பேச்சு வருவதற்குள் தே தாரேக் ஆறிவிடும். விட்டுப்போன அந்தப் பேச்சைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

மலேசியாவில் 2022ஆம் ஆண்டு மருத்துவச் சான்றுடன் பதிவான மரணங்களில் 16.1 விழுக்காடு இதயத் தமனி அடைப்பு நோயால் நேர்ந்தவை. அந்த ஆண்டு எமன்களின் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். பத்து பாகாட்டில் நெஞ்சு வலி என்று யாரும் முதலில் ஓடும் அரசு மருத்துவமனை சுல்தானா நோரா இஸ்மாயில். பைபாஸ் செய்ய வேண்டும் என்றாகிவிட்டால் தெற்கே ஜொகூர் பாருவின் சுல்தானா அமீனா மருத்துவமனைக்கோ, வடக்கே கோலாலம்பூரில் ஐஜேஎன் என்று எல்லோரும் சொல்லும் தேசிய இருதயக் கழகத்துக்கோ போக வேண்டும். முதலாவது ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இரண்டாவது 200 கிலோமீட்டருக்கும் மேல். அறுவை முடிந்து எத்தனை நாளில் வீடு திரும்பலாம் என்பது இந்த ஊர்க் குடும்பங்களுக்குப் போக்குவரத்துச் செலவும் சேர்ந்த கேள்வி.

அடைப்பைச் சுற்றி ஒரு வழி

ஆயர் ஹீத்தாம் சாலை அடைபட்டால் யொங் பெங் வழியாகப் போய் நெடுஞ்சாலையைப் பிடிக்கிறோம் அல்லவா? பைபாஸும் அதுதான். இதயத்தின் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்ளும்போது, அடைப்பை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அப்பால் வேறொரு ரத்தக்குழாயைக் கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். இப்படித் தைக்கும் குழாயை ஒட்டு என்று வைத்துக்கொள்வோம்.

ஒட்டுக்கான குழாய் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வரும். ஒன்று, காலிலிருந்து எடுக்கும் சிரை. மற்றொன்று, நெஞ்செலும்பின் பின்னால் அதை ஒட்டியே இறங்கும் உள்மார்புத் தமனி. இரண்டின் ஆயுளும் ஒன்றல்ல. இடது உள்மார்புத் தமனியை இதயத்தின் முன்பக்கத் தமனியில் தைத்தால், பத்து ஆண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்தே இருக்கின்றன. கால் சிரைகளில் அதே காலத்தில் ஏறக்குறைய பாதி அடைத்துவிடுகின்றன. மார்புத் தமனி ஒட்டு பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் 1986இல் காட்டியது. அன்றிலிருந்து இந்த ஒரு ஒட்டுதான் பைபாஸின் முதுகெலும்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஓட்டையின் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான் வருகிறது.

உளியும் ரம்பமும்

துடிக்கும் இதயத்தில், இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லாத தமனியில் தையல் போடுவது எப்படி? ஜான் கிப்பன் 1953இல் இதய நுரையீரல் இயந்திரத்தை மனிதரிடம் வெற்றிகரமாகப் பயன்படுத்தியபோது அதற்கு விடை கிடைத்தது. இதயத்தை நிறுத்தி வைக்கலாம், இயந்திரம் உடலுக்கு ரத்தம் அனுப்பும். இதயத்தின் எல்லாப் பக்கத்தையும் எட்டுவதற்கு நெஞ்செலும்பை நடுவே பிளக்கும் முறை 1957க்குப் பிறகு பரவியது. அந்தக் காலத்தில் உளி போன்ற கத்தியை எலும்பின் மேல் நுனியில் மாட்டிச் சுத்தியால் தட்டிப் பிளந்தார்கள். பிறகு மின் ரம்பம் வந்தது. கிளீவ்லண்டில் அர்ஜென்டினா நாட்டவரான ரெனே ஃபவலோரோ 1967இல் கால் சிரையைக் கொண்டு செய்த பைபாஸ், இந்த அறுவையை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975இல் டாக்டர் கே.எம். செரியன் செய்தது இந்தியாவின் முதல் பைபாஸ் என்று சொல்லப்படுகிறது.

மலேசியர்களுக்குப் பைபாஸ் என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியவர் துன் மகாதீர். 1989 ஜனவரியில் பிரதமராக இருந்தபோது மாரடைப்பு வந்தது. வெளிநாட்டுக்குப் போகாமல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலேயே டாக்டர் யாஹ்யா அவாங் குழுவிடம் தம்மை ஒப்படைத்தார். மூன்று ஆண்டு கழித்து, 1992இல், ஐஜேஎன் உருவானது. 2007 செப்டம்பரில் 82 வயதில் அங்கே அவருக்கு இரண்டாவது பைபாஸ் நடந்தது. இந்த முறை மார்புக் காயத்தில் தொற்று ஏற்பட்டு, அதைச் சுத்தம் செய்ய மீண்டும் அறுவை அறைக்குப் போக வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் அவருக்கு நூறு வயது நிறைந்தது. முதல் பைபாஸுக்கும் அந்தப் பிறந்தநாளுக்கும் நடுவே 36 ஆண்டு.

நெஞ்சைத் திறக்கும் பைபாஸின் வலிமை, பலவீனம் இரண்டும் இந்த ஒருவர் கதையிலேயே இருக்கின்றன. அது நீண்ட காலம் காக்கிறது. பிளந்த எலும்பு சில வேளை பழிவாங்குகிறது. எலும்பின் அடிவரை போகும் தொற்று நூற்றில் ஓரிருவருக்குத்தான் வரும், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. நீரிழிவும் உடல் பருமனும் இருந்தால் வாய்ப்பு கூடும்.

தொற்று வராவிட்டாலும் எலும்பு ஒன்றுசேரக் காலம் பிடிக்கும். இரு பாதிகளையும் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். ஒட்டிக்கொள்ள ஆறு முதல் பன்னிரண்டு வாரம். இருமினால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும். கையை ஊன்றி எழக்கூடாது. கனமாக எதையும் தூக்கக்கூடாது. அலுவலக நாற்காலியில் இருப்பவர் எப்படியோ சமாளிப்பார். செம்பனைத் தோட்டத்தில் இருபது கிலோ குலையைத் தூக்கி லாரியில் ஏற்றுகிறவருக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாதச் சம்பளம்.

பழைய வழியே புதிய வழி

சின்ன ஓட்டை முறையை இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் 1964க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் லெனின்கிராடில் வாசிலி கோலெசோவ் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர், நெஞ்செலும்பைத் தொடாமல் இடது விலாப்பக்கம் வழியாக நுழைந்தார். இயந்திரத்தின் உதவி இல்லாமல், துடிக்கும் இதயத்தில், உள்மார்புத் தமனியைத் தைத்தார். ஃபவலோரோவுக்கு மூன்று ஆண்டு முன்பே இது நடந்தது. ஆனால் இயந்திரமும் ரம்பமும் வேலையைச் சுலபமாக்கிவிட்டதால் அந்த வழியில் புல் முளைத்தது.

முப்பது ஆண்டுக்குப் பிறகு, 1990களின் நடுவில், அர்ஜென்டினாவின் பெனெட்டி, இத்தாலியின் கலாஃபியோரே, நியூயார்க் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையின் வளவனூர் சுப்பிரமணியன் ஆகியோர் அந்த வழியை மறுபடி திறந்தார்கள். விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள வளவனூரைப் பெயரின் முன்னே சுமந்த ஒரு மருத்துவர் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1998இல் பாரிஸில் ரோபோ கைகளைக் கொண்டு மார்பைத் திறக்காமலே பைபாஸ் செய்து காட்டினார்கள். 2005 முதல் நியூயார்க்கின் ஜோசஃப் மெக்கின் ஒரே சின்ன ஓட்டை வழியாக ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகளில் ஒட்டுப் போடும் முறையை வளர்த்தெடுத்தார்.

அறுவை மேசையில்

நோயாளி சற்றே வலப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறார். மயக்க மருத்துவர் வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று அனுப்புகிறார். இடது நுரையீரல் காற்றிழந்து சுருங்கி இடம் விடுகிறது. இடது மார்பின் கீழே, நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில் ஆறேழு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டு. எலும்பு எதுவும் அறுபடுவதில்லை. விலாக்களை மெதுவாக விலக்குகிறார்கள். கட்டை விரல் நீளத்தை விடக் கொஞ்சம் பெரிய அந்த வாசல் வழியாக, மேலே காறை எலும்பு வரை நீளும் உள்மார்புத் தமனியை நீண்ட கருவிகளால் நெஞ்சுச் சுவரிலிருந்து பிரித்து இறக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான்.

பிறகு இதயத்தை மூடியிருக்கும் பையைத் திறந்தால் முன்பக்கத் தமனி கண்ணெதிரே. அந்த ஒரு இடத்தின் துடிப்பை மட்டும் அடக்க ஒரு பிடிப்பான் இருக்கிறது. உறிஞ்சும் குமிழ்கள் கொண்ட இரண்டு கால்கள் தமனியின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். நெதர்லாந்தின் உட்ரெக்டில் 1990களில் இதை உருவாக்கியவர்கள் வைத்த பெயர் ஆக்டோபஸ். சுற்றிலும் இதயம் துள்ளிக்கொண்டே இருக்க, பிடிப்பானுக்கு நடுவே விரல் நகம் அளவு இடம் மட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கசியும் ரத்தத்தை ஒரு சிறு குழாய் கரியமிலவாயுவை ஊதி விலக்குகிறது. தலைமுடி பருமனுள்ள நூலில், ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் வாயைச் சுற்றி, பத்துப் பன்னிரண்டு தையல். நிறுத்தி வைத்த இதயத்தில் இரண்டு கையும் தாராளமாகப் புழங்கச் செய்யும் அதே தையலை இங்கே சாவித் துவாரம் வழியாகப் போட வேண்டும். ஒரு தையல் பிசகினால் ஒட்டு சுருங்கும்; சில மாதத்தில் அடைக்கும்.

கணக்கு என்ன சொல்கிறது

மெக்கின் குழுவும் கனடாவின் ஒட்டாவா குழுவும் தொடர்ச்சியாகச் செய்த 450 பேரின் கணக்கை 2009இல் வெளியிட்டன. அறுவையை ஒட்டி இறந்தவர்கள் 1.3 விழுக்காடு. நெஞ்சைத் திறந்து செய்யும் திட்டமிட்ட பைபாஸிலும் ஆபத்து நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை என்பதால், இது மோசமான எண் இல்லை. பாதியில் நெஞ்செலும்பைத் திறக்க நேர்ந்தவர்கள் 3.8 விழுக்காடு. ஒருவருக்குச் சராசரியாக இரண்டு ஒட்டு.

தைத்த ஒட்டு திறந்திருக்கிறதா? 91 பேரை ஆறு மாதம் கழித்து ஸ்கேன் செய்து பார்த்த முடிவு 2014இல் வந்தது. எல்லா ஒட்டுகளையும் சேர்த்து 92 விழுக்காடு திறந்திருந்தன. உள்மார்புத் தமனி ஒட்டுகள் நூற்றுக்கு நூறு. சாவித் துவாரத்தில் தைத்தாலும் தையல் தரமாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

வீடு திரும்புவது? ஒட்டாவாவில் இரண்டு முறையிலும் 150 பேர் வீதம் இணைத்துப் பார்த்த ஆய்வில், சின்ன ஓட்டைக்காரர்களில் பாதிப் பேர் 12 நாளில் வழக்கமான நடமாட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நெஞ்சைத் திறந்தவர்களுக்கு அதற்கு ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. காயத் தொற்று திறந்தவர்களில் 4 விழுக்காட்டினருக்கு; சின்ன ஓட்டையில் ஒருவருக்கும் இல்லை.

ஒரே ஒரு அடைப்பு, அதுவும் முன்பக்கத் தமனியின் தொடக்கத்தில் என்றால், அடைப்பை உள்ளிருந்தே விரித்துத் தாங்கும் கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட்டா, சின்ன ஓட்டையா? ஜெர்மனியின் லைப்சிக்கில் 220 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஸ்டென்ட் பக்கம் 29 விழுக்காடு. அறுவை பக்கம் 8. 2002இல் வெளியான இந்த ஆய்வு மருந்து பூசாத பழைய ஸ்டென்ட் காலத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய ஸ்டென்ட்டுகள் அவ்வளவு சீக்கிரம் அடைப்பதில்லை.

சின்ன ஓட்டையின் விலை

மேலே சொன்ன எண்களை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சின்ன ஓட்டையே போதும் என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த 450 பேரும் 91 பேரும் தகுதி பார்த்து எடுத்தவர்கள். செய்தவர்களும் நூற்றுக்கணக்கில் செய்து கை பழகியவர்கள். ஆண்டுக்கு நான்கைந்து செய்யும் இடத்தில் அதே எண் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

வலியும் நினைப்பதுபோல் இல்லை. விலாக்களுக்கு இடையே நரம்பு ஓடுகிறது. விலக்கும்போது அது நசுங்கும். எனவே முதல் சில நாள் வலி நெஞ்சைப் பிளந்தவர்களை விடவும் கூடுதலாக இருக்கலாம். நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு அதைச் சமாளிக்கிறார்கள். அந்த நாட்கள் கடந்தபின் வலி வேகமாக இறங்குகிறது.

அடுத்தது, இயந்திரம் இல்லாமல் துடிக்கும் இதயத்தில் தைப்பது. சின்ன ஓட்டை முறையில் பெரும்பாலும் இப்படித்தான். நெஞ்சைத் திறந்து செய்தபோது இயந்திரம் வைத்தும் வைக்காமலும் ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. 19 நாடுகளில் 4,752 பேரைத் தொடர்ந்த ஒன்றில் ஐந்து ஆண்டு கழித்தும் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 2,203 பேரைத் தொடர்ந்த மற்றொன்றிலோ ஐந்தாண்டு மரணம் இயந்திரம் இல்லாதவர்களில் 15.2 விழுக்காடு, இருந்தவர்களில் 11.9. முதல் ஆய்வுக்கு இந்த முறையில் நல்ல அனுபவமுள்ள அறுவை மருத்துவர்களையே சேர்த்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. எந்தக் கருவி என்பதை விட யார் கை என்பதுதான் இங்கே பேசுகிறது.

மாரடைப்பு வந்து அவசரமாக மேசைக்கு வருகிறவர், நுரையீரல் பலவீனமானவர் (ஒரே நுரையீரலில் மூச்சு ஓட வேண்டுமே), இதயத்தின் பம்பு சக்தி மிகவும் குறைந்தவர் ஆகியோருக்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது.

நம்மவர் நெஞ்சு

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4. நம் பாட்டிமார் இனிப்பு நீர் என்று சொன்ன அந்த நோய், அப்போது மூன்றில் ஒருவர் என்ற அளவை நெருங்கியிருந்தது.

நீரிழிவுக்காரருக்குப் பல தமனிகளில் அடைப்பு இருந்தால் எது நல்லது என்று 1,900 பேரிடம் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 விழுக்காடு, பைபாஸ் பக்கம் 10.9. பக்கவாதம் மட்டும் பைபாஸ் பக்கம் கூடுதல்: 5.2 விழுக்காடு, ஸ்டென்ட் பக்கம் 2.4. மொத்தத்தில் நீரிழிவுக்காரருக்குப் பைபாஸே மேல்.

அதே நீரிழிவுக்காரருக்குத்தான் நெஞ்செலும்புத் தொற்று பயமும் அதிகம். அப்படியானால் எலும்பைத் தொடாத சின்ன ஓட்டை யாருக்கு அதிகம் உதவும்? அவருக்குத்தான். ஆனால் அவருடைய தமனிகள் ஒரே இடத்தில் அடைப்பதில்லை; நீளமாக, பல இடங்களில், மெல்லியதாகிக் கிடக்கும். மூன்று நான்கு ஒட்டு வேண்டும். அதில் சில இதயத்தின் பின்பக்கம். சின்ன ஓட்டை வழியாக எட்டுவதற்கு அதுதான் கடினமான இடம். யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே செய்வது மிகவும் கடினம். இந்த முடிச்சுதான் நம் சமூகத்துக்கு இந்த அறுவையின் மையம்.

முடிச்சை அவிழ்க்க ஒரு சமரசம் இருக்கிறது. முன்பக்கத் தமனிக்குச் சின்ன ஓட்டை வழியாக மார்புத் தமனி ஒட்டு. மற்ற அடைப்புகளுக்குச் சில நாள் முன்னோ பின்னோ ஸ்டென்ட். நீண்ட காலம் உழைக்கும் ஒட்டு முக்கியமான தமனிக்குக் கிடைத்துவிடுகிறது, எலும்பும் தப்புகிறது. ஆனால் எல்லா அடைப்புக்கும் ஸ்டென்ட் உட்காராது என்பதால், இதயநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே திரையில் படத்தைப் பார்த்து ஆளுக்காள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வெட்டைச் சின்னதாக்குவதற்காக வேண்டிய ஒட்டு ஒன்றை விட்டுவிடுவது மட்டும் நஷ்ட வியாபாரம். தழும்பைச் சட்டை மறைக்கும்; விட்டுப்போன அடைப்பை எதுவும் மறைக்காது.

கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்

பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கோ கோலாலம்பூருக்கோ பைபாஸ் பற்றிப் பேசப் போகிறவர் கையில் இந்தக் கேள்விகள் இருக்கட்டும். எனக்கு எத்தனை ஒட்டு தேவை, சின்ன ஓட்டையில் அத்தனையும் போட முடியுமா? முன்பக்கத் தமனிக்கு மார்புத் தமனியைத்தானே தைப்பீர்கள்? இந்த முறையில் நீங்கள் ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்குப் பாதியில் நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது? என் சர்க்கரை அளவுக்கும் நுரையீரலுக்கும் இது பொருந்துமா? நல்ல அறுவை மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். எண்ணோடு பதில் சொல்வார். “உங்களுக்கு நெஞ்சைத் திறப்பதுதான் சரி” என்று அவர் சொன்னால், அதையும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் செய்தாலும், ஒட்டு எவ்வளவு நாள் உழைக்கும் என்பதில் பாதி பொறுப்பு நம்முடையது. ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் நாள் தவறாமல் போக வேண்டும். சிகரெட் நிற்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். “பைபாஸ் பண்ணியாச்சு, இனி கவலை இல்லை” என்று ரொட்டி சானாயும் இரண்டு கரண்டி சீனி தே தாரேக்கும் தொடர்ந்தால், கால் சிரை ஒட்டுகள் பத்து ஆண்டு வரை காத்திருக்காது.

ஒரு கடைசி வார்த்தை. இதயத் தமனிகளின் படமான ஆஞ்சியோகிராம் எடுத்ததும் அதன் குறுவட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜொகூர் பாருவோ கோலாலம்பூரோ, எந்த அறுவை மருத்துவரும் முதலில் கேட்பது அதைத்தான்.